எண்ணுக்கு ஒரு விடை: இராமானுஜனின் வாழ்வும் சார்பு என்னும் எண்ணமும்

அட்சரகணித வகுப்பில் சார்பு என்ற சொல் வந்ததும் நம்மில் பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. எஃப் என்று ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் எக்ஸ் என்று இன்னோர் எழுத்து. இது பெருக்கலா, வேறு எதுவுமா என்ற குழப்பம் தீருமுன்னே பாடம் முடிந்துவிடும். ஆனால் இந்தச் சிறிய குறியீடு காட்டும் உலகத்துக்குள்ளேயே தன் வாழ்நாளைக் கழித்த ஒரு தமிழர் இருந்தார். முப்பத்திரண்டு வயதில் மறைந்த அவர் விட்டுச்சென்ற சார்புகளைப் பற்றி நூறு ஆண்டுகள் கடந்தும் அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்தான் ஸ்ரீனிவாச இராமானுஜன்.

1887 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் வீட்டில் அவர் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஒரு புடைவைக் கடையில் கணக்கு எழுதுபவர், தாய் கோமளத்தம்மாள். வசதி குறைந்த குடும்பம். 1897 இல் ஆரம்பக் கல்விப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த சிறுவன், அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். மேல் வகுப்பு மாணவர்கள் படித்த லோனியின் திரிகோணகணித நூலைத் தானாகவே கற்று முடித்தான்.

1903 இல் கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த ஒரு நூல் இராமானுஜனின் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளை வரிசைப்படுத்திய நூல் அது. பெரும்பாலான முடிவுகளுக்கு அதில் முழுமையான நிறுவல் இல்லை. இருந்தால் ஒரு சிறு குறிப்புத்தான். வேறொரு மாணவனுக்கு அது சலிப்பூட்டியிருக்கும். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் ஒரு சவாலாக எடுத்து, அதற்கான வழியைத் தானே தேடினார். தேடும்போது நூலில் இல்லாத புதிய முடிவுகளும் கிடைத்தன.

கடதாசி வாங்கப் பணம் இல்லை. ஆகவே சிலேட்டில் கணக்குப் போடுவார். எழுதியதை முழங்கையால் அழித்துவிட்டு அடுத்த படிக்குப் போவார். இறுதி விடையை மட்டுமே குறிப்பேட்டில் பதிவார். கார் நூலைப் போலவே அவருடைய குறிப்பேடுகளிலும் முடிவுகள் இருந்தன. அவற்றுக்குப் போன வழி இருக்கவில்லை. இந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவருக்கும் அவரைப் பின்பற்றியவர்களுக்கும் பெரிய சோதனையாகியது.

1904 இல் புலமைப்பரிசிலோடு கும்பகோணம் அரசினர் கல்லூரிக்குச் சென்றார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் கவனம் செல்லவில்லை. ஏனைய பாடங்களில் சித்தியடையாததால் புலமைப்பரிசில் பறிபோனது. 1905 இல் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்குப் போனார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லை, தொழில் இல்லை. 1909 இல் அவருக்குத் திருமணம் நடந்தது. அக்கால வழக்கப்படி மிகச் சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்ட மனைவி ஜானகிக்கு அப்போது பத்து வயது. குடும்பப் பொறுப்பும் சேர்ந்தபின், குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார்.

இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசுவாமி ஐயர் அந்தக் குறிப்பேடுகளின் பெறுமதியை உணர்ந்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பண உதவி செய்தார். 1911 இல் அச்சங்கத்தின் சஞ்சிகையில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு லிகிதரானார்.

அந்தக் குறிப்பேடுகளில் அப்படி என்ன இருந்தது? அதை அறிய, தொடர்பு என்றால் என்ன, சார்பு என்றால் என்ன என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

இரண்டு தொடைகளின் மூலகங்களை ஏதாவது ஒரு முறையில் இணைத்தால் அது தொடர்பு. ஒரு தாயின் பெயரைச் சொல்லி மகள் யார் என்று கேட்டால் மூன்று பெயர்கள் வரலாம். ஒன்றுமே வராமலும் போகலாம். அது வெறும் தொடர்பு. ஒரு மாணவியின் பெயரைச் சொல்லிப் பெற்ற தாய் யார் என்று கேட்டாலோ விடை ஒன்றுதான். அது சார்பு. வத்தளையில் பஸ் ஏறுபவர் இறங்கும் தரிப்பிடத்தைச் சொன்னால் நடத்துநர் ஒரு கட்டணத்தைச் சொல்வார். அடுத்தடுத்த இரண்டு தரிப்பிடங்களுக்கு ஒரே கட்டணம் இருக்கலாம். அதனால் சார்பு கெடாது. ஆனால் அதே பஸ்ஸில் ஒரே தரிப்பிடத்துக்கு இரண்டு கட்டணங்கள் கேட்டால் சண்டை வரும். சார்பின் நிபந்தனையும் இதுவே: உள்ளே இடும் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்க வேண்டும், அந்த விடை ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும்.

இதை எண்களுக்குக் கொண்டுவருவோம். 12 என்ற எண்ணைத் தந்து அதன் காரணி எது என்று கேட்டால் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு விடைகள் வருகின்றன. இது தொடர்பு. அதன் காரணிகள் எத்தனை என்று கேட்டால் விடை 6 மட்டுமே. கேள்வியைச் சற்று மாற்றியதும் தொடர்பிலிருந்து ஒரு சார்பு பிறந்துவிட்டது. இதற்குக் கா என்று பெயர் வைத்தால் கா(12) = 6 என எழுதலாம். கா என்பது விதியின் பெயர். அடைப்புக்குள் இருப்பது நாம் தரும் எண். சமன்பாட்டுக் குறிக்கு அப்பால் இருப்பது விடை. இங்கே பெருக்கல் எதுவும் இல்லை. கா(13) என்பது 2. ஏனெனில் 13 ஒரு முதன்மை எண்.

இந்த எழுத்துமுறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருந்த அல்ஜப்ர் என்ற அரபுச் சொல்லே அல்ஜிப்ரா என்று உலகெங்கும் பரவியது. அறியாத ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கும் ஒழுங்கான வழிகளை அந்நூல் கற்பித்தது. விதிக்கே ஒரு பெயரிட்டு, அடைப்புக்குள் எண்ணை வைத்து எழுதும் முறையை 1734 இல் ஒய்லர் கையாண்டார். நாம் இன்று பாடப்புத்தகத்தில் காணும் எஃப்(எக்ஸ்) அதுதான்.

இராமானுஜனின் மனத்தைக் கவர்ந்த சார்புகளுள் ஒன்று முதன்மை எண்களை எண்ணுவது. 10 வரை 2, 3, 5, 7 என நான்கு முதன்மை எண்கள் உண்டு. ஆகவே மு(10) = 4. அவ்வாறே மு(100) = 25, மு(1000) = 168. சூத்திரம் எதுவும் தெரியாவிட்டாலும் இது சார்புதான். விடை ஒன்று என்பது உறுதி. அதை அடையும் குறுக்குவழி நம்மிடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

1913 ஜனவரி 16 ஆம் திகதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். அதில் நிறைய முடிவுகள் இருந்தன. முதன்மை எண்களின் எண்ணிக்கையை மிகத் துல்லியமாகத் தரும் சூத்திரம் ஒன்றைக் கண்டுவிட்டதாகவும் அவர் நம்பினார். ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வூட்டும் அந்தத் தாள்களை நெடுநேரம் ஆராய்ந்து, எழுதியவர் ஒரு மேதை என்ற முடிவுக்கு வந்தனர். ஆனால் ஹார்டி பதிலில் கேட்டது நிறுவல்களை.

அந்தக் கேள்வி நியாயமானது என்பதைக் காலம் காட்டியது. முதன்மை எண்கள் பற்றிய சூத்திரம் சோதித்துப் பார்த்த எண்களுக்கு நன்றாகப் பொருந்தியது; ஆனால் எண்கள் பெருகப் பெருக, இராமானுஜன் எண்ணிய துல்லியம் அதற்கு இல்லை. அதே துறையில் 1914 இல் லிட்டில்வூட் ஓர் அதிசயத்தை நிறுவினார். முதன்மை எண்களின் எண்ணிக்கையை மதிப்பிடும் புகழ்பெற்ற சூத்திரம் ஒன்று, அதுவரை கணித்த அட்டவணைகள் எல்லாவற்றிலும் உண்மையான எண்ணிக்கையை விடச் சற்று அதிகமாகவே தந்தது. அது எப்போதும் அப்படியே இராது, எங்கோ தொலைவில் குறைவாகவும் தரும் என்று அவர் காட்டினார். அட்டவணை எவ்வளவு நீண்டதாயினும் அது சாட்சி மட்டுமே. தீர்ப்பு நிறுவலின் கையில் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கியது. பின்னர் 1914 மார்ச் 17 ஆம் திகதி கப்பலேறி, ஏப்ரலில் இலண்டனை அடைந்தார் இராமானுஜன். டிரினிட்டி கல்லூரியில் ஹார்டியோடு பணி தொடங்கியது. சில மாதங்களிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. மரக்கறி மட்டும் உண்ணும் அவர், குளிர் நாட்டில் பொருள்கள் தட்டுப்பாடான காலத்தில், தானே சமைத்துச் சாப்பிட்டார். ஹார்டி அவருக்கு நிறுவலின் ஒழுங்கைக் கற்பித்தார். ஆனால் அவருடைய இயல்பான ஊற்று அடைந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்.

1915 இல் வெளிவந்த நீண்ட கட்டுரை, நாம் மேலே கண்ட காரணிச் சார்பைப் பற்றியதே. தனக்கு முந்திய எல்லா எண்களையும் விட அதிக காரணிகள் கொண்ட எண்களை அவர் ஆராய்ந்தார். 12 அப்படிப்பட்டது, 24 உம் 60 உம் அப்படிப்பட்டவை. இந்த ஆய்வுக்காக 1916 இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. ஊரில் பரீட்சையில் தவறியவருக்குக் கிடைத்த முதற் பட்டம் அது.

அவருடைய பெரும் புகழுக்கு வித்திட்ட சார்பு வேறொன்று. ஓர் எண்ணை நேர் முழுவெண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வழிகளில் எழுதலாம்? 4 ஐ எடுத்தால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து பகுப்புகள். ஆகவே ப(4) = 5. இனி வரிசையாகப் பார்ப்போம். ப(2) = 2, ப(3) = 3, ப(4) = 5, ப(5) = 7, ப(6) = 11. பார்த்தவுடன் முதன்மை எண்கள் வரிசையாக வருகின்றன என்று தோன்றும். அடுத்தது 13 என்று துணிந்து எழுதிவிடுவோம். ஆனால் ப(7) = 15. ஐந்து வரிகள் நம்மை ஏமாற்றிவிட்டன. விரும்பினால் 7 இன் பதினைந்து பகுப்புகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

எண் வளர வளர இந்தச் சார்பு பாய்ந்து வளரும். ப(100) = 190,569,292. இதை ஒவ்வொன்றாக எழுதி எண்ணுவது மனித ஆயுளில் முடியாது. இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டு 1918 இல் வெளியிட்டனர். மக்மாகன் என்பவர் வேறு முறையால் 200 வரையான பெறுமானங்களைக் கையாலேயே கணித்து வைத்திருந்தார். சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது ப(200) இன் மெய்யான விடையாகிய 3,972,999,029,388 இலிருந்து ஒன்றின் நூறில் ஒரு பங்கு கூட விலகவில்லை. இம்முறை அட்டவணையும் நிறுவலும் கைகோத்து நின்றன.

மக்மாகனின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்த இராமானுஜனின் கண்ணுக்கு மட்டும் இன்னொன்று புலப்பட்டது. ப(4) = 5, ப(9) = 30, ப(14) = 135, ப(19) = 490. எல்லாம் ஐந்தால் மீதியின்றிப் பிரிபடுகின்றன. குறியீட்டின் உதவியால் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எ என்பது பூச்சியம் முதலான எந்த முழுவெண்ணாயினும் ப(5எ+4) ஐந்தால் பிரிபடும். அடைப்புக்குள் ஓர் எண் மட்டுமன்றி ஒரு கோவை முழுவதும் உட்காரலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்தத் தடவை அவர் ஒழுங்கைக் கண்டதோடு நிற்கவில்லை. அதை நிறுவியும் காட்டினார்.

1916 இல் டௌ என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் மற்றொரு சார்பை ஆராய்ந்தார். அதில் 2 க்கு உரிய பெறுமானம் −24, 3 க்கு உரியது 252, 6 க்கு உரியது −6048. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வருகிறது. இது எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. ப(2) × ப(3) = 6; ஆனால் ப(6) = 11. டௌச் சார்பிலோ, பொதுக் காரணி இல்லாத எந்த இரு எண்களுக்கும் இது நடக்கும் என்று இராமானுஜன் ஊகித்தார். அடுத்த ஆண்டே மோர்டெல் அதை நிறுவினார். அதே சார்பின் பருமனைப் பற்றிய மற்றோர் ஊகத்தை நிறுவ 1974 வரை காலம் சென்றது. அதைச் செய்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த டெலீன்.

1917 இல் இராமானுஜன் கடுமையாக நோயுற்றார். காசநோய் என்று வைத்தியர்கள் எண்ணினர். அந்நிலையிலும் 1918 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஆய்வு உறுப்பினராகவும் தெரிவானார். மருத்துவ இல்லத்தில் அவரைப் பார்க்க ஹார்டி வந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்ற கதை பலரும் அறிந்தது. 1 இன் கனத்தையும் 12 இன் கனத்தையும் கூட்டினால் 1729. 9 இன் கனத்தையும் 10 இன் கனத்தையும் கூட்டினாலும் 1729. நம் மொழியில் சொன்னால், எந்த இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் தரும் மிகச் சிறிய எண் அது. ஆகவே அந்தக் கேள்வி தொடர்பாக நின்றுவிடுகிறது. எத்தனை வழிகள் என்று கேட்டால் மட்டுமே அது சார்பாகும்.

1919 இல் தாயகம் திரும்பினார். உடல் தேறவில்லை. கடைசி ஆண்டில் இரவும் பகலும் அவரைப் பராமரித்தவர் ஜானகி. படுக்கையில் கிடந்தபடியே இராமானுஜன் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்ற புதிய இனத்துக்கு 17 உதாரணங்கள் தந்தார். ஏப்ரல் 26 ஆம் திகதி சென்னையில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற வேலை பல தலைமுறைகளுக்குப் போதுமானதாக இருந்தது. 1976 இல் அமெரிக்கரான அன்ட்ரூஸ், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவருடைய இறுதி ஆண்டின் தாள்களைக் கண்டெடுத்தார். குறிப்பேடுகளில் இருந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நிறுவி ஐந்து தொகுதிகளாக வெளியிட பேர்ன்ட் என்ற அறிஞருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் எடுத்தது. போலித் தீட்டாச் சார்புகளின் உள்ளமைப்பு 2002 இல்தான் ஸ்வேகர்ஸ் என்ற ஒல்லாந்து இளைஞரின் ஆய்வினால் தெளிவாகியது. இருபது வயதைத் தாண்டியதும் விதவையான ஜானகி, சென்னையில் தையல் வேலை செய்து தன் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார். கணவருக்கு ஒரு சிலையாவது இல்லையே என்ற அவருடைய மனக்குறையை அறிந்த பல நாட்டுக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்து மார்பளவுச் சிலைகள் வார்த்து, ஒன்றை அவரிடமே கையளித்தனர்.

மாணவியரே, இராமானுஜனுக்கு இருந்த கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவருக்குக் கிடைக்காத ஒன்று நம் கையில் தாராளமாக இருக்கிறது. அவரிடம் சிலேட்டு இருந்தது. நம்மிடம் கொப்பி இருக்கிறது. அவர் முழங்கையால் அழித்த படிகளைத் திரும்பக் கண்டுபிடிக்கப் பிறர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த முறை எஃப்(எக்ஸ்) என்று கரும்பலகையில் எழுதப்படும்போது, உள்ளே போகும் எண் எது, விதி என்ன, விடை ஒன்றுதானா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை வந்த பின்னரும் அது எப்படி வந்தது என்பதை, படி ஒன்றையும் விடாமல், அழியாத மையால் எழுதி வையுங்கள். பெற்றோரும் மகளின் கொப்பியைப் பார்க்கும்போது விடையை மட்டும் பாராமல், அதற்கு மேலே எழுதப்பட்ட வரிகளையும் பார்ப்பது நல்லது.